ஈச்சங்காட்டுக்கு ஒரு பதாகை

முந்தாநாளிலிருந்து வெட்டுமேசையில் பச்சைப் பொப்ளின் துணி கிடந்தது. புதுத் துணியின் கஞ்சி வாசம் கடை முழுக்க. அதை உன் கத்தரிக்கோலால்தான் வெட்டினேன், மச்சான். தொண்ணூறில் மன்னாரை விட்டு முஸ்லிம் சனம் மொத்தத்தையும் விரட்டியபோது சாரத்து மடியில் செருகிக்கொண்டு எங்கள் புத்தளத்து முகாமுக்கு வந்தாயே, அதே கத்தரி. நீ மவுத்தாகி மண்ணுக்குள் போய் இரண்டு நோன்பு கடந்துவிட்டது. சாணை பிடிக்கக்கூட அதை வேறு கையில் நான் கொடுக்கவில்லை.

துணியைக் கொண்டு வந்தவர் பள்ளிவாசல் செயலாளர். "நானா, இந்த வருஷம் மீலாது ஊர்வலத்துக்கு முகாம் ஆக்களையும் எடுக்கப் போறோம்" என்று அண்ணன் முறை வைத்துச் சொன்னார். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. உன்னிடம் சொல்லத்தான் உன் சன்னலோர மெஷின் பக்கம் திரும்பினேன். அது உறை போட்டபடி கிடந்தது.

பதாகையில் என்ன போட என்று கேட்டேன். "வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தோர்" என்றார் மனுஷன். நிற்கும் இடம் எல்லாருக்கும் கடைசியில், ஒலிபெருக்கி கட்டிய ட்ரக்டருக்கும் பின்னால்.

"யாரு இடம்பெயர்ந்த? அந்தப் பிள்ளைகள் எல்லாம் புத்தளம் ஆஸ்பத்திரியில பொறந்ததுகள்!"

"அப்படித்தானே நானா எல்லாரும் சொல்ற? வேற என்னத்தப் போட?"

அவர் கெட்டவர் இல்லை. துணியை வாங்கி வெட்டுமேசையில் போட்டேன்.

எங்கள் ஊர் வழக்கம் உனக்குத் தெரியாததா? ஒவ்வொரு பள்ளிவாசலும் தன் பெயர் தைத்த பதாகைக்குப் பின்னால்தான் நடக்கும். பதாகை இல்லாதவர்கள் ரோட்டோரம் நின்று சர்பத் கொடுக்கலாம். அத்தனை பதாகையையும் தைப்பதும் வருஷம் முழுக்கப் பத்திரமாக வைப்பதும் நம் கடையில்தான். எழுத்துகளை வெட்டி வைத்துத் தைப்பது உன் வேலை. ஊர்வலம் வரும்போது நீ வாளியும் அகப்பையுமாக வெயிலில் நிற்பாய். முன்பல் விழுந்த உன் மகள், கசகசா மிதக்கும் சிவப்புச் சர்பத்தை என் பிள்ளைகளுக்கு நீட்டுவாள். அவர்களும் குடித்துவிட்டு நடப்பார்கள்.

ஒருமுறை நீ பள்ளிவாசல் நிர்வாகத்திடம் போனாய், முகாமில் ஓலை வேய்ந்த உங்கள் பள்ளியையும் சேர்க்கச் சொல்லி. "நீங்க திரும்பிப் போற ஆக்கள்தானே" என்று தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அஸர் தொழுகை வரைக்கும் மெஷினை மிதித்தாய். பிறகு சிரித்தாய், பாவி.

"எங்கட கையால குடிக்கிறாங்க மச்சான். எங்களோட நடக்கத்தான் அவங்களுக்குக் கால் வலிக்குது."

எனக்கு ரத்தம் கொதித்தது. "வா, என்ட பள்ளிக்குப் பின்னால நட. எவன் கேக்குற எண்டு பாப்போம்" என்றேன். நீ ஊசியில் நூல் கோர்த்துக்கொண்டே, "விருந்தாளியா நடக்க ஏலா. பிள்ளைகளத் தூக்கிக்கொண்டு ஊர விட்டே நடந்தவன் நான். இனி நடந்தா எங்கட பேரோடதான்" என்றாய்.

நேற்று உன் மகள் கடைக்கு வந்தாள். இப்போது அவள் முகாம் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறாள். பிள்ளைகளை ஊர்வலத்துக்குக் கூட்டி வரும் பொறுப்பும் அவளுக்குத்தான். பதாகையில் என்ன போடப் போகிறார்கள் என்று சொன்னதும் முகம் இறுகிவிட்டது.

"மாமா, அந்தப் பேரோட எண்டா நான் ஒரு பிள்ளையையும் கூட்டி வர மாட்டேன். வாப்பா மவுத்தாகி மையத்தத் தூக்கிப் போகக்குள்ளயும் அகதி டெய்லர் எண்டுதானே கதைச்சாங்க. இதுகளுக்குமா?"

"அப்ப என்ன போட, மகள்?"

"ஈச்சங்காடு. வேற ஒண்டும் வேணா."

ஈச்சம் பற்றையை வெட்டிக் குடியேறி நீங்களே வைத்த பெயர். பஸ் கொண்டக்டர்கூட அதைத்தான் கூவுகிறான். எங்கள் நிர்வாகத்துக்கு மட்டும் அது இன்னும் முகாம்.

ராவோடு ராவாக வெள்ளைத் துணியில் எழுத்து வெட்டித் தைத்து முடித்தேன். இன்று பகல் செயலாளர் வந்து பார்த்தார். "எடம் குடுத்தாலும் குத்தமா நானா?" என்று குரலை உயர்த்தினார். நான் விடுவேனா? "இதத் தூக்க விடலெண்டா, இங்க இரிக்கிற மத்தப் பதாகை ஒண்டையும் எடுக்க ஏலா. அதெல்லாம் அவன் தைச்சது!" என்று கத்தினேன். நிர்வாகத்தோடு கதைத்துவிட்டுச் சொல்வதாகப் போனவர், மஃரிப் தொழுகையும் கடந்துவிட்டது, இன்னும் வரவில்லை.

நாளை காலை ஊர்வலம். உங்கள் ஊர்ப் பிள்ளைகள் வெள்ளை உடுப்பு கழுவிக் காயப்போட்டிருக்கிறார்களாம். சேர்ப்பார்களோ, ரோட்டோரத்திலேயே நிறுத்திவிடுவார்களோ, பயமாகத்தான் இருக்கிறது, மச்சான். எது நடந்தாலும் ஈச்சங்காட்டுப் பதாகையின் ஒரு கம்பு என் கையில் இருக்கும். மறு கம்பை உன் மகள் பிடிப்பாள்.

எழுத்து கொஞ்சம் கோணல்தான். உன் கத்தரி இன்னும் என் கைக்குப் பழகவில்லை. நீ தைத்திருந்தால் நேராக வந்திருக்கும்.