தனியாக வரச் சொன்னார்கள்

ஜூலை 2, புதன்

கம்பெனி பஸ்ஸில் இன்றும் ஏசி ஓடவில்லை. பக்கத்து சீட்டில் செண்பகம் வழக்கம்போல என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டே வந்தாள்.

இந்த வாரமும் எனக்குத் தகடு அழுத்துகிற பெரிய பிரஸ் மெஷின்தான். கார் கதவுக்கான தகட்டை மோசஸ் அண்ணன் அந்தப் பக்கம் வைப்பார், நான் இந்தப் பக்கம் எடுப்பேன். மதியம் சூப்பர்வைசர் ஜெரால்ட் வந்தார். கை உள்ளே போனால் மெஷினை நிறுத்துகிற சென்சாரைச் சாவி போட்டு அணைத்தார். "சும்மா சும்மா நிக்குது, டார்கெட் போகல. இந்த வாரம் இப்டியே ஓட்டுங்க."

மோசஸ் அண்ணன் என்னைப் பார்த்தார். பிறகு அடுத்த தகட்டை வைத்தார். நான் எடுத்தேன்.

ஜூலை 4, வெள்ளி

மோசஸ் அண்ணனின் வலது கை. இரண்டு விரல்கள். அவர் கத்தவே இல்லை, நான்தான் கத்தினேன்.

இதற்குமேல் எழுத வரவில்லை.

ஜூலை 5, சனி

பிரஸ்ஸைக் கழுவித் துடைத்துவிட்டார்கள். சென்சார் விளக்கு பச்சையாக எரிகிறது. நேற்று எரியவில்லையே. யார் போட்டது?

செண்பகம் இன்று தூங்கவில்லை. "இன்னாடி பாத்த நீ? யார்னா கேட்டா இன்னா சொல்லப் போற?" என்று பஸ் கிளம்பியதிலிருந்து நச்சரித்தாள். "ஒண்ணும் பாக்கல" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? அவளுக்கு எதற்கு இவ்வளவு அக்கறை?

ஜூலை 7, திங்கள்

எச்.ஆர். அன்புசெல்வன் சார் மாடிக்குக் கூப்பிட்டு அனுப்பினார். உட்காரச் சொன்னார். காபி வந்தது. ஆறு வருஷத்தில் அந்த அறையில் நான் உட்கார்ந்ததே இல்லை.

"மோசஸ் என்ன சொல்றார் தெரியுமாம்மா? சாவி மெஷின்லயே இருந்துச்சாம், நீங்கதான் சென்சாரை ஆஃப் பண்ணீங்களாம். நான் நம்பல. ஆனா நீங்க முந்திக்கணும். மோசஸே ஆஃப் பண்ணதைப் பார்த்தேன்னு விசாரணையில சொல்லிடுங்க."

காபியைக் கீழே வைத்தேன்.

"ஒண்ணும் பாக்கலன்னு வேற சொல்லிட்டிருக்கீங்களாம். அப்படி எல்லாம் பேசாதீங்க. இங்க யூனியன் கிடையாது. நாங்கதான் உங்களுக்கு யூனியன்."

வியாழக்கிழமை விசாரணை. தனியாக வரவேண்டுமாம்.

ஒன்றும் பார்க்கவில்லை என்று நான் சொன்னது ஒரே ஒருத்தியிடம்தான். பஸ்ஸில் இனி வேறு சீட்.

ஜூலை 8, செவ்வாய்

மோசஸ் அண்ணன் அப்படிச் சொல்லியிருப்பாரா? கை போன மனுஷன், குடும்பம் இருக்கிறது, பயத்தில் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நான் மட்டும் எதற்கு யோக்கியமாக இருக்கவேண்டும்?

காலையில் வீட்டில் ஸ்டீவன் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "அவங்க கேக்கறத சொல்ட்டு வந்துடு. நமக்கு இன்னாத்துக்கு பேஜாரு?" என் புருஷனையும் யாராவது பார்த்துப் பேசியிருப்பார்களோ என்று ஒரு நிமிஷம் தோன்றியது. சீ, இப்படியா போகும் புத்தி!

பள்ளியில் கூடப் படித்த கோதா இப்போது திருவள்ளூர் கோர்ட்டில் வக்கீல். போன் செய்தேன். "பார்க்காததைப் பார்த்தேன்னு சொல்லாதே. எதிலயும் கையெழுத்துப் போடாதே. யூனியன் இல்லேன்னா என்ன, கூட வேலை பார்க்கிற ஒருத்தரை உட்கார வெச்சுக்கறேன்னு கேளு. வாயால கேக்காதே, மெயில்ல கேளு" என்றாள்.

மெயில் அனுப்பிவிட்டேன். ஆனால் யார் வருவார்கள்? கேன்டீனில் கேட்டேன். எல்லோரும் தட்டைப் பார்த்தார்கள்.

ஜூலை 9, புதன்

லீவு போட்டுவிட்டு சோழவரம் போனேன். மோசஸ் அண்ணன் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். கையில் பெரிய கட்டு. வா என்றுகூடச் சொல்லவில்லை.

"இன்னாத்துக்கு வந்த? என் மேல இன்னும் இன்னா சொல்லணும் உனுக்கு?"

"நான் இன்னாணா சொன்னேன்?"

"நான் குடிச்சிட்டு மெஷின்ல நின்னேன்னு சொல்லிக்கிற. என் ஆயுசுல தொட்டதில்ல ஏஞ்சலு. உனுக்கே தெரியும்."

"யாருணா சொன்னது?"

"அந்த அன்புசெல்வன் சாருதான். ஆஸ்பத்திரிக்கே வந்து, ஆப்பிள் வச்சிட்டு சொன்னாரு."

எனக்குக் காபி, அவருக்கு ஆப்பிள். சார் என்னிடம் சொன்னதை நான் சொன்னேன். அவர் வெகுநேரம் என் முகத்தையே பார்த்தார். நானும் அவர் முகத்தை. இவர் சொல்வது நிஜமா? அவருக்கும் அதே கேள்விதான் இருந்திருக்கும்.

கடைசியில் அவர்தான் பேசினார். "நாளிக்கி நான் வரேன் உன்கூட."

"இந்தக் கையோடயாணா?"

"கைதான போச்சி? வாயி இருக்குதுல்ல?"

வழியெல்லாம் ஒரே யோசனை. வராவிட்டால்? இன்று மாலையே அவருக்குப் போன் வந்திருந்தால்?

ஜூலை 10, வியாழன்

வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, சர்ச்சுக்குப் போகிற மாதிரி.

கேட்டில் செக்யூரிட்டி அவரை நிறுத்தினான். மெடிக்கல் லீவில் இருப்பவர் உள்ளே வரக்கூடாதாம். "அப்ப நானும் வரல. விசாரணைய இங்கயே வச்சிக்க சொல்லு" என்றேன். எங்கிருந்து வந்தது அந்தக் குரல்? ஷிப்ட் விட்டு வெளியே வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். கூட்டம் சேரச் சேர செக்யூரிட்டி போனும் கையுமாக அலைந்தான். பிறகு இருவரையும் உள்ளே விட்டார்கள்.

ஜெரால்ட் சார் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "புதன்கிழமை மதியம் ஜெரால்ட் சார்தான் சாவி போட்டு அணைச்சாரு. நான் பாத்தேன்" என்றேன். மோசஸ் அண்ணனும் அதையே சொன்னார்.

"ரெண்டு பேரும் பேசி வெச்சுக்கிட்டு வந்திருக்கீங்களா?" என்றார் அன்புசெல்வன் சார்.

"ஆமா சார்" என்றார் மோசஸ் அண்ணன். "நீங்க எங்க ரெண்டு பேர்கிட்டயும் சொன்னத பேசிக்கினோம்."

அன்புசெல்வன் சார் ஃபைலை மூடினார்.

ஜூலை 25, வெள்ளி

ஜெரால்ட் சாரை வேறு பிளான்ட்டுக்கு மாற்றிவிட்டார்கள். ஆஸ்பத்திரிச் செலவைக் கம்பெனி ஏற்றுக்கொண்டது. கட்டுப் பிரித்ததும் மோசஸ் அண்ணனுக்கு ஸ்டோரில் வேலை. என்னைப் பாக்கிங்குக்குத் தள்ளிவிட்டார்கள். தண்டனை என்று யாரும் சொல்லவில்லை. ஓவர்டைம் மட்டும் வருவதில்லை.

யாராவது என்னைப் பார்த்துச் சிரித்தால், எதற்காக என்றுதான் இன்னும் தோன்றுகிறது.

ஆகஸ்ட் 6, புதன்

டீ டைமில் செண்பகம் என் டேபிளருகே வந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"ஜெரால்ட் சாருதான் உன் வாயப் புடுங்கச் சொன்னாரு. நான் கான்ட்ராக்ட்டுடி. முடியாதுன்னா அன்னிக்கே அனுப்பிடுவாங்க."

"அது தெரியும். இப்ப இன்னா?"

"வயித்துல குழந்தன்னு லீவு கேட்டேன். எச்.ஆர்.ல கூப்புடுறாங்க. தனியா வரணுமாம்." என் டேபிள் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "நீ வரியா?"

இதுவும் அவர்கள் சொல்லிக்கொடுத்ததோ? நான் இடத்தை விட்டு நகர்ந்தால் அதை வைத்தே என்னை மாட்டிவிடவா? அவள் கண்ணையே பார்த்தேன். ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"மெயில் போட்டியா?"

"இல்ல. எப்டி போடறது?"

போனை வாங்கி நானே அடித்துக் கொடுத்தேன். பிறகு கிளவுஸைக் கழற்றி வைத்துவிட்டு, அவளுக்கு முன்னால் மாடிப்படி ஏறினேன்.