பீடத்துணியில் பந்தாட்டக்காரன் பூ

6 மார்ச் 83, ஞாயிறு

காலையிலேயே வெயில். பூசை முடிந்து வீட்டில் இருந்தவர்கள்: நான். வீட்டுக்காரர். கொழுந்தன் சேவியர், அவன் மனைவி ரீட்டா (அமெரிக்காவிலிருந்து லீவு, தங்கல் நம் வீட்டில்). மா.டீ., அதாவது மாதர் சங்கத் தலைவி மார்க்கரெட் டீச்சர். ஐந்தே பேர். நாளைக்கு வேறு யாராவது ‘நானும் பார்த்தேன்’ என்றால் பொய்.

மா.டீ. கேட்டதால்தான் பீடத்துணியை விரித்தேன். வெள்ளை பாப்ளின். நடுவில் ஜரிகையில் லீலிப்பூ, நாலு மூலையிலும் சின்னது. போன வருஷம் பேக்டரியில் லேத்தில் இருந்து இரும்புத் தூள் தெறித்து வீட்டுக்காரர் கண்ணில் ஏறினபோது சூசையப்பருக்கு நேர்ந்துகொண்டது. கண் பிழைத்தது. 19ஆம் தேதி திருநாள். அன்று இது பீடத்தில் விரிய வேண்டும்.

ரீட்டா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “ஐயோ அக்கா! இது புட்பால் டீம் சின்னம். ஹெல்மெட்ல ஒட்டிட்டு ஒருத்தன்மேல ஒருத்தன் விழுவானுங்க!”

சேவியர்: “ஆமா மைனி. காலால உதைக்கிறது இல்ல, கையில தூக்கிட்டு ஓடுறது.”

மா.டீ. காபியைக் கீழே வைத்துவிட்டார். “சாமியார் காதுல போடணுமே, செசிலி.”

மீன்குழம்பு அடிப்பிடித்தது. அவர்கள் தட்டிலேயே அதை வைத்தேன்.

7 திங்கள்

வாங்க: பாவ் ரொட்டி இரண்டு லாதி, கோத்மீர் என்கிற கொத்தமல்லி, சோப்பு. ஜரிகை இனி வேண்டாம், மிச்சம் இருக்கிறது.

எழுதி வைக்கிறேன், நாளைக்கு நானே குழம்பக் கூடாது. நாலு வருஷம் முன் ரீட்டா அனுப்பிய பார்சல்: அவள் போட்டுக் கழித்த ஸ்வெட்டர்கள், நடுவில் ரப்பர் பேண்ட் போட்ட அட்டைக் கட்டு. ‘வேணும்னா யாருக்காவது கொடுத்துடுங்க’ என்று துண்டுச் சீட்டு. அட்டைகளில் தோள் புடைத்த ஆண்கள், அந்தப் பந்தாட்டக்காரர்கள்தான் என்று இப்போது தெரிகிறது. சிலதில் ஆள் இல்லை, சின்னம் மட்டும்: ஆட்டுக்கடாக் கொம்பு, குதிரை லாடம், மின்னல், தொப்பி போட்ட மீன். ஒன்றில் அட்டை முழுக்கப் பொன்னிறப் பூ. மூன்று இதழ், நடுவில் பட்டை. பார்த்ததும் சூசையப்பர் கையில் பிடித்திருக்கும் லீலிப்பூ என்று பட்டது. கட்டு முழுவதையும் பிஸ்கட் டின்னில் வைத்தேன். யாருக்கும் கொடுக்கவில்லை, எறியவும் இல்லை.

இன்று சேவியர் தலையைச் சொறிந்துகொண்டு: “மைனி, அந்தப் பழைய கார்டெல்லாம் இருக்கா? அங்க இப்ப அதுக்கு ஒரே கிராக்கி. தேடி அலையிறானுங்க.”

ஆக, வந்தது என்னைப் பார்க்க இல்லை.

9 புதன்

சேவியரிடம் டின்னைக் கொடுத்தேன். தரையில் உட்கார்ந்து ஜெபமாலை மணி மாதிரி ஒவ்வொன்றாகத் தள்ளினான். கொம்பைப் பார்த்துப் பெருமூச்சு. மீனைப் பார்த்து, “இப்ப இந்த மாதிரி வரையிறதில்ல.” பெற்ற தாயின் போட்டோவை இப்படிப் பார்த்து நான் கண்டதில்லை.

பூ அட்டை வந்ததும் ரீட்டா அதை ஜன்னல் பக்கம் தூக்கினாள். வெளிச்சம் பொட்டுப் பொட்டாக உள்ளே வந்தது.

“என்னக்கா இது, ஓட்டை!”

“ஊசி குத்தினது.”

“எதுக்கு?”

எதுக்கா? கோடு நெடுகக் குத்தி, நீலப்பொடியை மண்ணெண்ணெயில் குழைத்துப் பஞ்சால் தேய்த்தால் பூ துணியில் இறங்கும். தையல் தெரிந்த வீட்டில் கேட்கிற கேள்வியா?

“பின்னாடி நீலம் வேற! நாசம் பண்ணிட்டீங்க. இதைத்தான் இவர் முக்கியமாத் தேடினார்.”

“வேண்டாம்னுதானே ஸ்வெட்டருக்கு நடுவுல சொருகி அனுப்புன?”

“அதுக்காக?”

“அதுக்காகத்தான்.”

ராத்திரி சாப்பாட்டுக்கு இரண்டு பேரும் வரவில்லை. மிச்சச் சோற்றுக்குத் தண்ணீர் ஊற்றினேன்.

11 வெள்ளி

தவக்கால ஒருசந்தி. கோவிலில் சிலுவைப்பாதை. முழங்காலில் வலி, முதுகுக்குப் பின்னால் பேச்சு. “செசிலியக்கா, மேட்ச் எப்போ?” “பீடத்துல பந்தும் வைப்பீங்களா?” மூன்றாம் ஸ்தலத்தில் ஆண்டவர் விழுகிறார், இவர்கள் சிரிக்கிறார்கள். ஐந்து பேர் மட்டும் பார்த்தது ஊர் பூராவும் தெரிந்திருக்கிறது. வீட்டுக்காரர் வாய் திறக்க மாட்டார். நான் சொல்லவில்லை. மிச்சம் மூன்று வாய்.

வெளியே மா.டீ.: “மனசுல வச்சுக்காதீங்க. ரீட்டா ஒரு லேஸ் துணி தர்றேன்னிருக்கா. அமெரிக்கா லேஸ். அதையே விரிச்சிடலாம். உங்களது அடுத்த வருஷம், வேற டிசைன்ல.”

லேஸாம். பார்த்தேன், அவள் பெட்டியில். நைலான். சாப்பாட்டு மேசைக்குப் போடுவது, ஓரத்தில் திராட்சைக் குலை. மெழுகுவர்த்தி சரிந்தால் சுருங்கிக் கருகும்.

வீட்டுக்காரர்: “பிரிச்சிடேன். பூ இருக்கிற இடத்துல சிலுவை போட்டுரு. எதுக்கு வம்பு.”

“யாருக்காக நேர்ந்தேன்?”

முறைத்தார். அந்தக் கண்ணாலும்தான்.

12 சனி

பிரிக்கலாமா என்று கத்தரியை எடுத்தேன். மூலையில் ஒரு இழை அறுத்தேன். பாப்ளினில் ஓட்டை ஓட்டையாகத் தெரியும், ஒருநாளும் மறையாது. வைத்துவிட்டேன்.

சமையலறையில் ரீட்டா, குரலைத் தாழ்த்தி: “அக்கா, கார்டுக்கு ஒரு சாரி சொல்லுங்க. நானே டீச்சர்கிட்ட, அது சாதாரண லீலிதான், நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்னு சொல்லிடறேன்.”

என் சாரிக்கு விலை அவள் பொய்!

“நீ பொய் சொல்லியா சூசையப்பர் பீடத்துல என் துணி ஏறணும்?”

“எப்படியோ போங்க.”

சாயங்காலம் கோவில் சுத்தம் செய்கிற முறை எனக்கு. தனியாகப் போனேன். சூசையப்பர் சொரூபத்தின் கையில் லீலி எப்படி இருக்கிறது என்று பார்த்தேன்: பூ உடைந்து தண்டு மட்டும். சூசையப்பரும் கைவிட்டார் என்று அங்கேயே உட்கார்ந்து அழுதேன். வேலை கிடக்கிறதே என்று நற்கருணைக் கிராதியைத் துடைக்க ஆரம்பித்தேன். வெள்ளைக்காரன் பட்டாளம் இருந்தபோது பீடத்துக்கு முன்னால் போட்ட இரும்புக் கம்பித் தடுப்பு. எத்தனையோ சனிக்கிழமை துடைத்திருக்கிறேன். துணியைச் சுற்றி இதழ் இதழாகத் துடைக்கும்போது கை நின்றது.

மூன்று இதழ். நடுவில் பட்டை. ஒவ்வொரு கம்பியின் தலையிலும்.

அதனால்தான் அந்த அட்டையைப் பார்த்ததும் தெரிந்த பூவாகப் பட்டிருக்கிறது. மா.டீ. வாரா வாரம் இதன் முன்னால்தான் நற்கருணை வாங்க நாக்கை நீட்டுகிறார். ரீட்டா கல்யாணத்துக்குத் தாலி மந்திரித்ததும் இதற்கு முன்னால்தான், நான் மாப்பிள்ளை வீட்டு வரிசையில் நின்றிருந்தேன்.

பழைய காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்துக்கொண்டேன். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ‘சும்மா இரு’ என்பார்கள்.

13 ஞாயிறு

பூசையில் ரீட்டா முன்வரிசை. லேஸ் துணி ஏற்கெனவே மா.டீ. பையில். என்னைப் பார்த்துச் சிரித்தாள், நானும் சிரித்தேன். ஆண்டவர் மன்னிக்கட்டும், அந்தச் சிரிப்பு நல்ல சிரிப்பு இல்லை.

சாமியார் அவசரமாக அடுத்த பங்குக்குக் கிளம்பிவிட்டார். கடிதம்தான் கொடுத்தனுப்ப வேண்டும். நகல்:

சாமி, தோத்திரம். இதோடு காகிதத்தில் தேய்த்த பூ இருக்கிறது. நம் கோவில் கிராதியில் உள்ளது. என் துணியில் இருப்பதும் இதுவே. இதை எந்த ஊர் விளையாட்டுக்காரன் தலையில் மாட்டினாலும் சூசையப்பர் பொறுப்பில்லை. பூ ஆகாது என்றால் கிராதியை முதலில் அறுக்கச் சொல்லுங்கள். ஆகும் என்றால் என் துணியை விரிக்கச் சொல்லுங்கள், மார்க்கரெட் டீச்சரிடம் நீங்களே சொல்லுங்கள். கஞ்சி போட்டு இஸ்திரி செய்ய ஒரு நாள் வேண்டும். சீக்கிரம் பதில் சொல்லவும்.