பதில் வரிக்கு ஆள் இல்லை

மார்ச் 3, செவ்வாய்

வாலு, உன் புருஷன் இன்னிக்குச் சலவைக் கடைக்கு வந்தான். கம்பம் மாதிரி வாசலை அடைச்சுக்கிட்டு நின்னான்.

"அக்கா, ஆஸ்பத்திரியில சின்னதா ஒரு கச்சேரி வைக்கிறாங்களாம். நம்ம பாட்டப் பாடச் சொல்றாங்க."

நம்ம பாட்டாம். எப்போதிலிருந்து? நான் ஸ்டீம் இஸ்திரியில் நின்று ஒரு கேள்வி பாடுவேன். மேல் தட்டை அமுக்கினதும் உஸ்ஸென்று ஆவி கிளம்பும். அந்தச் சத்தம் அடங்கின பிறகுதான் நீ பட்டன் தைத்துக்கொண்டே பதில் பாடுவாய், இல்லாவிட்டால் காதில் விழாது. கேள்வி, ஆவி, பதில். இதுதான் நம் பாட்டு. அவன் உன்னைக் கூட்டிப்போக வந்து வாசலில் நிற்பான். அவ்வளவுதான் அவனுக்கும் பாட்டுக்கும் சொந்தம்.

அந்த ஆஸ்பத்திரி வாசப்படியை மிதிக்க மாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

உனக்கு வியாதி என்று அவனுக்குப் போன வருஷமே தெரியும். எனக்கு? நீ பேச்சு நின்று கிடந்தபோது தெரிந்தது. நான் யாரு? கூடப் பிறந்தவளா, பக்கத்து வீட்டுக்காரியா?

மார்ச் 5, வியாழன்

நீ கிடந்த வார்டு நர்ஸம்மா போன் பண்ணினாள். கச்சேரியில் சேரும் காசு நாற்காலி வாங்கவாம். நோயாளிக்குத் துணையாக இருக்கிறவர்கள் உட்கார நாற்காலி இல்லை, தரையில் கிடக்கிறார்கள். மைக் கிடையாது, உன் புருஷன் கிட்டார் போதும் என்றாள்.

நான் அந்தச் சுவரில் சாய்ந்துதானே கிடந்தேன். அதுகூட எத்தனை நாள்? உட்காரவே விடலையே நீ.

வருகிறேன் என்றேன். ஆனால் பழைய பாட்டு கிடையாது. அது ரெண்டு பேருக்குப் பொது, ஒத்தையாய்ப் பாட எனக்கு உரிமையில்லை. புதுசு கட்டியிருக்கிறேன், நீ போனதிலிருந்து. எல்லாம் உன்னைத் திட்டிக் கட்டினதுதான்.

மார்ச் 6, வெள்ளி

மூணு சட்டையைக் கருக்கிவிட்டேன் என்று முதலாளி கத்துகிறார். ரெண்டுதான்.

மார்ச் 8, ஞாயிறு

ஒத்திகை பார்க்க உன் வீட்டுக்குப் போனேன். கதவுக்குப் பின்னால் உன் செருப்பு அப்படியே இருக்கிறது. அதை எடுக்காததற்கும் கோபம் வந்தது. எடுத்திருந்தால் அதற்கும் வந்திருக்கும்.

பெரிய பாட்டை எடுத்தேன்.

வீட்டுச் சாவி எங்கன்னு சொல்லிட்டுப் போவியே,
கடைக்குப் போனாலும் கத்திட்டுப் போவியே,
இம்மாந்தூரம் போறவ
ஏன்டி எங்கிட்ட சொல்லல?

நான் வாயை மூடவில்லை, அதற்குள் அவன் பதில் பாடுகிறான். 'உன் கண்ணு கலங்கினா என் உலகமே கலங்கும்' என்று ஏதோ. ஆவிக்குக்கூட இடம் விடவில்லை.

"என்ன தம்பி இது?"

"பதில் வரிதான்க்கா. அவ சொல்ற மாதிரி."

"அவ ஒருநாளாவது இப்படிக் கொஞ்சியிருக்காளா? அவ பதில் 'போடி பூசணி'ன்னுதான் ஆரம்பிக்கும். உன்னை யாரு பதில் சொல்லச் சொன்னா?"

"எனக்குத் தெரியும்க்கா ஏன் சொல்லலன்னு. நீங்க தாங்க மாட்டீங்கன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டா."

தாங்க மாட்டேனாம். அம்மா போன பிறகு உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுப் பாத்திரம் கழுவினவள் நான். நானா கண்ணாடிச் சாமான்? நீயா வந்து சொல்லு பார்ப்போம்.

அவன் கேட்டது உன் இடத்தை. உன் ரகசியத்தை எடுத்துக்கொண்டாயிற்று, இப்போது உன் வரியும் வேண்டுமாம். கிட்டாரை மட்டும் வாசி, வாயைத் திறந்தால் நான் மேடை ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். கோபத்தில் என் குடையை அங்கேயே விட்டுவிட்டேன். கேட்கப்போவதில்லை.

மார்ச் 12, வியாழன்

நர்ஸம்மா வரிகளைக் கேட்டுவிட்டு, "பாட்டு நல்லாருக்குக்கா, ஆனா திட்டு ஜாஸ்தியா இருக்கே. கொஞ்சம் சோகமா வெச்சுக்கலாமா?" என்கிறாள்.

இதைவிடச் சோகம் எங்கே விற்கிறது என்று கேட்டேன். போனை வைத்துவிட்டாள்.

மார்ச் 15, ஞாயிறு

கச்சேரி நேற்று முடிந்தது. வரிசையாக எழுதுகிறேன், நீ கேட்பாய் என்பதுபோல.

கூடத்தில் முப்பது நாற்பது பேர். சிலர் சட்டையில் என் இஸ்திரிக் கோடுதான், மடிப்பைப் பார்த்தாலே தெரியும். முதல் பாட்டு, நீ வெளுத்ததை மறைக்க உதட்டுக்குச் சாயம் பூசினதைப் பற்றி. சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பின்னால் ஒரு பெண் மட்டும் சிரிக்கவில்லை, பக்கத்திலிருந்த தன் அக்காளைப் பார்த்தாள்.

அப்புறம் பெரிய பாட்டு. 'ஏன்டி எங்கிட்ட சொல்லல' என்று கேட்டு நிறுத்தினேன். கடையில் நிற்கிற மாதிரியே நின்றேன். கை மேல் தட்டை அமுக்கப் போனது. தட்டு இல்லை, ஆவி இல்லை. நீ இல்லை.

முன்வரிசை ஆள் நான் வரியை மறந்துவிட்டேன் என்று நினைத்து, தெம்பு கொடுப்பதுபோல் கை தட்ட ஆரம்பித்தார். நர்ஸம்மா ஓரத்திலிருந்து உதட்டை அசைத்து அடுத்த வரியை எடுத்துக்கொடுக்கிறாள்.

"மறக்கல" என்றேன். "இது என் தங்கச்சி எடம். கையக் கீழ போடுங்க."

போட்டார்.

அப்போது பக்கத்தில் 'உஸ்ஸ்ஸ்' என்று சத்தம். உன் புருஷன். கிட்டாரைப் பார்த்துக்கொண்டே வாயால் ஆவி விடுகிறான், வாலு. நம் மெஷினேதான். கடைசியில் ரப்பர் கிழிந்த பக்கம் வரும் விசில்கூட விட்டுப்போகவில்லை. தட்டு எழும்பும் 'டொக்'குக்குக் கிட்டாரில் ஒரு தட்டு. வாசலில் நின்ற இத்தனை வருஷமும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறான்.

அதற்கு மேல் ஒரு வார்த்தை பாடவில்லை. உன் இடத்தைத் தொடவில்லை.

காதைத் திருகலாம் போல இருந்தது. ஆனால் அடுத்த கேள்வி தானாக வந்துவிட்டது எனக்கு. கடைசிவரை அப்படியே போனது. நான் கேள்வி, அவன் ஆவி, அப்புறம் உன் பதிலுக்கு இடம் விட்டோம்.

பஸ்ஸுக்கு நடக்கும்போது சொன்னான்: "அந்தக் கேள்விய நானும் கேக்கணும்க்கா. எங்கிட்ட சொன்னா, ஆனா பாதிதான் சொன்னா. சரியாயிடும்னா."

"கேளு. வரிசையில நில்லு. எனக்கப்புறம்தான் நீ."

தலையாட்டினான். என் குடையைக் கொண்டுவந்திருந்தான்.

மார்ச் 20, வெள்ளி

இன்னும் கோபம்தான். உன்மேல் மட்டும்.

ஏப்ரல் 5, ஞாயிறு

நாற்காலி வந்துவிட்டது என்று நர்ஸம்மா சொன்னாள். உன் புருஷன் கம்பத்தையும் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தேன். கட்டிலுக்கு ஒன்று. உன் கட்டிலில் வேறு யாரோ. துணைக்கு வந்த பெண் எழுந்து எனக்கு இடம் கொடுத்தாள். கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். கால் மாற்றிப் போட்டுப் பார்த்தேன். முதுகுக்கு நன்றாகத்தான் இருக்கிறது.

திரும்பும் வழியில் கடையைத் திறந்தேன். அவன் உன் முக்காலியில் உட்கார்ந்தான். எழுந்திரு என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை. புதுசாக ஒன்று கட்டுகிறோம். அவன் ஆவி விட்டுக் காத்திருக்கிறான். முதல் கேள்விதான் வந்திருக்கிறது.

நாற்காலி போட்டாச்சு, நான் உக்காந்தாச்சு.
இப்பவாவது சொல்லு, எங்கடி வலிச்சுது?