நான் கொடுக்காத முகவரி

அன்புள்ள மாமாவுக்கு அனிதாவின் வணக்கம். நீங்கள் நலமா? அத்தைக்கு முழங்கால் வலி குறைந்ததா? நான் நன்றாக இருக்கிறேன்.

போன்களை ஆபீஸில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அதனால் இதை ஊருக்கு வரும் மஞ்சுளா அக்காவிடம் கொடுத்தனுப்புகிறேன். பெரிதாக ஒன்றுமில்லை. ஒரே கணினிக்குள் தனித்தனிக் கணினிகள் போல ஓடும் ‘கண்டெய்னர்’ என்ற மென்பொருள் பெட்டிகளுக்குப் பொது இணைய முகவரி கொடுத்து, இணையத்தோடு நேரடியாக இணைக்கச் சொன்னார்கள். இணைத்தேன். சரிபார்த்தபோது நான் அமைக்காத கண்டெய்னர் ஒன்றும் வெளியே தெரிந்தது. திறந்தால், ஒரு வங்கியின் இணையப் பக்கத்தை அப்படியே போலியாகச் செய்துவைத்திருந்தார்கள்.

எங்கள் குழுத்தலைவர், பள்ளிபாளையத்துக் காளிதாஸ் அண்ணனிடம் காட்டினேன். அவருக்கு முகமே மாறிவிட்டது.

“அம்மணி, இதை நீங்க பாக்கவே இல்லீங்க. ஆருகிட்டயும் மூச்சு உடாதீங்க. நான் மேல போய்க் கேட்டுட்டு வாரேன்.”

போனவர் திரும்பவில்லை. ஊருக்குப் போய்விட்டதாகச் சொல்கிறார்கள். அவருடைய சாப்பாட்டு டப்பா மேசையில்தான் இருக்கிறது. பள்ளிபாளையம் போய், அவர் வீட்டுக்கு வந்து சேர்ந்தாரா என்று விசாரியுங்கள்.

பருப்புப்பொடி இப்போது அனுப்ப வேண்டாம், எங்கள் தங்குமிடத்தை மாற்றப்போகிறார்களாம். அந்தக் கண்டெய்னரை அமைத்தவர் என்று ஆபீஸ் பதிவில் இன்று என் பெயரைப் போட்டிருக்கிறார்கள். மேலே கூப்பிடுகிறார்கள் மாமா, போய் வருகிறேன்.

அனிதா