பென்சில் வட்டம்

முத்தாபுதுப்பேட்டை
9-2-1992

மகன் உலகநாதனுக்கு,

உன் நைனா வேம்புலி தன் கையாலேயே எழுதுவது. ஆள் வைத்து எழுதவில்லை. அறிவொளி வகுப்பில் நாலு மாதம் உட்கார்ந்தேன். இந்தக் காகிதத்துக்கு இரண்டு நாள் ஆயிற்று. விரல் வலிக்கிறது, மனசு குதிக்கிறது.

நீ அனுப்பிய வாடகைப் பத்திரம் கிடைத்தது. நான் கட்டைவிரல் வைக்கப் பென்சிலால் வட்டம் போட்டிருக்கிறாய். முன்பானால் உடனே வைத்திருப்பேன். இப்போது படித்தேன். 'உரிமையாளர் உலகநாதன். கேர்டேக்கர் வேம்புலி.' முதலாவது புரிந்தது. இரண்டாவது என்ன? பக்கத்து வீட்டுக் கஜபதி, "பெரிய உத்தியோகம் நைனா, தொப்பி குடுப்பாங்க" என்று சிரிக்கிறான்.

வேம்புலி

மஸ்கட்
25-2-1992

அன்புள்ள நைனாவுக்கு,

உலகநாதன் வணக்கம். எழுதக் கற்றது சந்தோஷம். கேர்டேக்கர் என்றால் அக்கறையாகப் பார்த்துக்கொள்பவர், மரியாதையான சொல்தான். வீடு கட்டப் பணம் அனுப்பியவன் நான், அதனால் என் பெயர் மேலே இருக்கிறது. இதையெல்லாம் எழுத்துக்கூட்டிக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். வட்டத்துக்குள் விரலை வைத்துவிட்டு, குடிவரும் கங்காதரனிடம் சாவியைக் கொடுங்கள். உங்களுக்குப் பின்பக்கத்துக் கிணற்றடி அறை போதும்.

அன்புடன்,
உலகநாதன்

முத்தாபுதுப்பேட்டை
15-3-1992

மகன் உலகநாதனுக்கு,

வகுப்பெடுக்கும் வசந்தகுமாரியைக் கேட்டேன். அந்தப் பெண் தயங்கித்தான் சொன்னது: "அடுத்தவங்க ஊட்டக் கூலிக்குப் பாத்துக்கிறவரு தாத்தா. பெத்தவருக்குப் போடுற வார்த்த இல்ல."

மஸ்கட் வரை போய் நீ கற்றது இவ்வளவுதானா? நாலு மாதம் படித்த எனக்கே சொல்லை எங்கே போடுவது என்று தெரிகிறது.

பட்டாபிராமில் ரயிலிலிருந்து கோதுமை மூட்டை இறக்கி நான் வாங்கிய மனை அது. பெட்டியிலிருந்து மனைப் பத்திரத்தை எடுத்து என் பெயரை மூன்று தடவை படித்தேன். பார்க்க நன்றாயிருக்கிறது. அதன்மேல் நீ சுவர் எழுப்பினாய், என்னையும் கிணற்றடிக்குத் தள்ளப் பார்த்தாய்.

உன் வட்டத்துக்குள் கையெழுத்துப் போட்டுப் பார்த்தேன். 'வே'யின் கொம்பே வெளியே நிற்கிறது. மேலே உன் பெயரையும் கேர்டேக்கர் இடத்தில் என் பெயரையும் அடித்துவிட்டு, உரிமையாளர் கோட்டில் என் பெயரை எழுதினேன். அங்கே தாராளமாக இடம் இருந்தது.

கங்காதரன் வந்தார். "கேர்டேக்கர் யாருங்க?" என்றார்.

"மஸ்கட்ல கீறான். லீவுக்கு வருவான்" என்றேன்.

வரும் தேதியை முன்னமே எழுது. கிணற்றடி அறையைப் பெருக்கி வைக்கிறேன்.

இப்படிக்கு,
வேம்புலி
உரிமையாளர்