நிற்கும் நேரம்

மார்ச் 4

அன்புள்ள வாலுக்கு,

அப்படி உக்காந்தே கிடக்கற ஆளா நான், நீயே சொல்லு. ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் உக்காருவீங்கன்னு உன் தாள்ல கேட்டிருந்தே பாரு, அதைப் படிச்சதும் எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. சாப்பிடறப்போ, சாமி கும்பிடறப்போ, அவ்வளவுதான்னு எழுதியிருக்கேன். உன் பெரியப்பா எட்டிப் பாத்துட்டு, அப்போ தூங்கறதும் நின்னுக்கிட்டுதானான்னு கேட்டார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மனுஷனுக்கு வாய்க்கு மட்டும் ஓய்வே கிடையாது.

நீ அனுப்பின பெட்டியை ஒரு வாரம் முடிஞ்சதும் பத்திரமா எடுத்து, துணியில சுத்தி, இந்தக் கடிதத்தோட வச்சிருக்கேன். மாத்திரை டப்பா அளவுதான் இருக்கு, அது எப்படிடி ஒரு ஆள் உக்கார்றதையும் நிக்கறதையும் நடக்கறதையும் கண்டுபிடிக்குது? தொடையில ஒட்டணும்னு படிச்சதும் எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. உடம்புல மெஷினை வச்சுக்கிட்டு எப்படி ஜெபமாலையைக் கையில எடுக்கறது? சரி, புள்ளை படிப்புக்காகன்னு மனசைத் தேத்திக்கிட்டேன். பிளாஸ்டர்தான் பொல்லாதது. உரிச்ச இடம் செவந்து போச்சு, தேங்காயெண்ணெய் தடவ வேண்டியதாப் போச்சு.

உன் அண்ணிக்கு ஒரு பெட்டி அனுப்பியிருந்தா இன்னும் வேடிக்கையா இருந்திருக்கும். நான் ஹால்ல இருந்து கூப்பிட்டா ரெண்டாவது குரலுக்குத்தான் வருவா. எங்கயாவது குந்திக்கிட்டிருப்பா. கல்யாணமாகி வந்த மறுநாளே சொன்னேன், இந்த வீட்டுப் பொம்பளைங்க பகல்ல உக்காந்து நான் பாத்ததில்லைன்னு. தலையை மட்டும் ஆட்டினா.

போன்ல பேசலாம்தான், ஆனா இங்க நான் பேசினா தெருமுனை வரைக்கும் கேக்கும். நீயும் எழுது.

உன் பெரியம்மா


மார்ச் 27

அன்புள்ள பெரியம்மா,

உங்கள் பெட்டியில் பதிவானதை நேற்றுத்தான் கணினியில் போட்டுப் பார்த்தேன். பார்த்ததும் பக்கத்து மேசைக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

எங்கள் ஆராய்ச்சியே இதுதான் பெரியம்மா. "நான் ரொம்ப உட்காருவதில்லை" என்று எல்லாரும் தாளில் எழுதுகிறார்கள். பெட்டி வேறு கதை சொல்கிறது. வாய் சொல்வதற்கும் உடம்பு செய்வதற்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று அளப்பதுதான் என் வேலை. ஊரிலுள்ள அத்தனை பேரும் இந்த ஒரு விஷயத்தில் தெரியாமலேயே பொய் சொல்கிறார்கள். வங்கி அதிகாரி சொல்கிறார், நர்ஸ் சொல்கிறார், என் பேராசிரியரே பெட்டியை ஒட்டிப் பார்த்துவிட்டு அன்று முழுக்க யாரிடமும் பேசவில்லை. நீங்கள் ஒருவர்தான் எழுதியபடியே இருக்கிறீர்கள். மெய்யாகவே உட்காருவதில்லை! சின்ன வயதில் என் காதைத் திருகி "பொய் சொன்னா சாமி பாத்துக்கிட்டிருக்கும்" என்று சொன்னது இப்போது ஞாபகம் வந்தது.

ஒரே ஒரு சந்தேகம். தினமும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ரொம்ப நேரம் நிற்கிறீர்கள். நடக்கவும் இல்லை, உட்காரவும் இல்லை, ஓர் அடிகூட நகரவில்லை. கடையில் கல்லாவுக்குப் பின்னால் நிற்பவர்களிடம்தான் இப்படிப் பார்த்திருக்கிறேன். அந்த நேரத்தில் என்ன செய்கிறீர்கள்?

இன்னொரு பெட்டி அனுப்பியிருக்கிறேன். மறுபடி ஒரு வாரம் ஒட்டிக்கொள்ள முடியுமா? அண்ணியை நான் கேலி செய்ததாகச் சொல்லுங்கள். மாமியாரைப் பார்த்தாவது கொஞ்சம் எழுந்து நடக்கட்டும்.

உங்கள் வாலு


ஏப்ரல் 5

அன்புள்ள வாலுக்கு,

உன் கடிதத்தை உன் பெரியப்பாகிட்ட சத்தமாப் படிச்சுக் காட்டினேன். மனுஷன் வாயை மூடிட்டார், கல்யாணமானதிலிருந்து முதல் தடவை. சாயங்காலம் ஜெபமாலை உருட்ட வர்ற நம்ம கூட்டத்துப் பொம்பளைங்ககிட்டயும் சொன்னேன். தையல்காரர் வீட்டம்மா என் காலைத் தொட்டுப் பாத்து, இரும்பு மாதிரி இருக்குன்னு சொல்லிட்டுப் போனா. எனக்குக் கூச்சமாப் போச்சு.

அந்த நிக்கற விஷயம் கேட்டியே. இதையெல்லாம் வெளியில சொல்லக்கூடாதுன்னு இருந்தேன். மதியத்துல வீடு அடங்கினதும் நான் சாமி முன்னாடி நின்னுதான் ஜெபம் பண்றது. உக்காந்து பண்ணினா தூக்கம் வந்துடும். நின்னா மனசு ஒரு இடத்துல நிக்கும். அதைத்தான் உன் பெட்டி பிடிச்சிருக்கு. படைச்சவனுக்கும் எனக்கும் நடுவுல இருந்ததை இப்ப உன் கணினியும் தெரிஞ்சுக்கிச்சு.

புதுப் பெட்டியை நேத்தே ஒட்டியாச்சு. முன்னாடி ஒட்டின இடம் இன்னும் ஆறலை, அதனால இன்னொரு கால்ல.

உன் அண்ணிகிட்ட நீ கேலி பண்ணினதைச் சொன்னேன். சிரிச்சா. தட்டை எடுத்துக்கிட்டு உள்ள போயிட்டா.

உங்க அம்மாவுக்கு மூட்டு வலி எப்படி இருக்கு? என்னை மாதிரி நடமாடச் சொல்லு.

உன் பெரியம்மா


ஏப்ரல் 16

அன்புள்ள பெரியம்மா,

நீங்கள் எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அழுதுவிட்டார். "எங்கக்கா பொய்யே சொல்ல மாட்டா, அவ சொன்னா கல்லுல எழுதின மாதிரி" என்றார். பேராசிரியரிடமும் சொன்னேன். அடுத்த மாதம் பெரிய கூட்டம் ஒன்றில் நான் பேச வேண்டும். பேர் சொல்லாமல் உங்களைப் பற்றித்தான் தொடங்கப் போகிறேன். நின்றபடி பிரார்த்திக்கும் ஒரு பெண்மணி, சொன்ன சொல்லும் பெட்டியின் கணக்கும் பிசகாமல் பொருந்திய ஒரே ஆள் என்று.

இரண்டாவது பெட்டி இன்னும் எனக்குத் திரும்பி வந்து சேரவில்லை. ஒரு வாரம் ஆனதும் எடுத்துவிட்டீர்கள்தானே? அதற்கு மேல் ஒட்டியிருந்தால் அடியில் தோல் புண்ணாகிவிடும்.

உங்கள் வாலு


ஏப்ரல் 22

அன்புள்ள வாலுக்கு,

கூட்டத்துல என்னைப் பத்திப் பேசாதே. முதல்ல இதைச் சொல்லிடறேன், இல்லேன்னா வழக்கம்போல சுத்தி வளைச்சு இதை விட்டுடுவேன்.

அந்தப் பெட்டி என் கால்ல ஒரு நாள்கூட இல்லை.

உன் தாளை நிரப்பி முடிச்சப்புறம்தான் எனக்குத் திக்குன்னு ஆச்சு. உக்கார்றதே இல்லைன்னு பேனாவால எழுதிட்டேன், இந்தப் பெட்டி போய் வேற மாதிரி சொன்னா? காலையில மாலையோட நாற்காலியில உக்காந்தேன்னா உங்க அம்மா போன், தையல்காரர் வீட்டம்மா போன், அப்புறம் டிவியில பிரசங்கம், அப்புறம் சாப்பாடே நாற்காலிக்கு வந்துடும். எனக்கே அப்பத்தான் உறைச்சுது. அதனால உன் அண்ணியைக் கூப்பிட்டு, எனக்கு பிளாஸ்டர் ஒத்துக்காது, நீ ஒட்டிக்கோன்னு சொன்னேன். ஏன் எதுக்குன்னு அவ கேக்கலை. செவந்து போனதும் அவ கால்தான், எண்ணெய் தடவினதும் அவளேதான். ரெண்டாவதும் அவகிட்டதான்.

அப்போகூட எனக்கு ஒண்ணும் தோணலைடி, அதைத்தான் எழுதக் கை கூசுது. இவ உக்காந்தே இருக்கறவன்னு உனக்கு எழுதிக்கிட்டே, உக்காராத ஆள்னு காட்டறதுக்கு இவ கால்லயே ஒட்டியிருக்கேன். அப்போ என் மனசுக்குத் தெரிஞ்சுதானே இருந்திருக்கு?

நீ அந்த மதிய நேரத்தைக் கேட்டதும் எனக்குப் பதில் தெரியலை. அவ என்ன பண்றான்னு எனக்குத் தெரியாது. வாய்க்கு வந்தது சாமி. எழுதிட்டேன். உன் ரெண்டாவது கடிதம், உங்க அம்மா அழுதான்னு எழுதினே பாரு, அது வந்தப்புறம் ரெண்டு நாள் மாலையைத் தொட முடியலை. மூணாவது நாள், சாப்பிட்டதும் நாற்காலிக்குப் போகாம, செருப்பைக் கழட்டிட்டு மெதுவா சமையலறைப் பக்கம் போனேன்.

மேடைமேல இடுப்பைச் சாய்ச்சு, தலையை அலமாரிக் கதவுல வச்சு, கண்ணை மூடி நின்னுக்கிட்டிருந்தா. கையில ஈரத்துணி. தூங்கறா வாலு, நின்னபடியே. பக்கத்துல முக்காலி சும்மா கிடக்கு.

ஏம்மா, உக்கார வேண்டியதுதானேன்னு கேட்டேன். தூக்கிவாரிப் போட்டுச்சு அவளுக்கு. கழுவி கவுத்து வச்சிருந்த தட்டை எடுத்து மறுபடியும் கழுவ ஆரம்பிச்சுட்டா. நான் குழாயை மூடிட்டு, அதே கேள்வியைத் திரும்பக் கேட்டேன்.

"உக்காந்தா, நீங்க கூப்பிடும்போது எந்திரிக்க நேரமாகுது அத்தை. நின்னா, வேலை செய்யற மாதிரி இருக்கும்."

குறையா சொல்லலை. உப்பு எங்க இருக்குன்னு கேட்டா சொல்ற மாதிரிதான் சொன்னா. எத்தனை நாளா இப்படின்னு கேட்டேன். வந்ததிலிருந்து அப்படித்தான், பழகிடுச்சுன்னா. அவ வந்த மறுநாள் நான் சொன்னது எனக்கு அப்பத்தான் காதுல விழுந்துச்சு, யாரோ என்கிட்டயே சொல்ற மாதிரி.

உக்காருன்னு சொன்னேன். முக்காலி நுனியில, பல் டாக்டர்கிட்ட பேர் கூப்பிடக் காத்திருக்கறவ மாதிரி உக்காந்தா. நான் தட்டைத் துடைச்சேன். உன் பெரியப்பா வந்து எட்டிப் பாத்துட்டு, தப்பான வீட்டுக்குள்ள வந்துட்டேனான்னு கேட்டார். நானும் சிரிக்கலை, அவளும் சிரிக்கலை. அவர் குரல் கேட்டதும் அவ எந்திரிச்சுட்டா.

உன் பேராசிரியர்கிட்ட சொல்லிடு. என் தாளைக் கிழிச்சுப் போடு. உன் படிப்புக்கு என்னால எவ்வளவு கெடுதல்னு எனக்குத் தெரியலை, எழுது, திட்டியே எழுது. உங்க அம்மாகிட்ட மட்டும் சொல்லாதேன்னு எழுதி, அடிச்சுட்டேன் பாரு, மேல மசி தெரியும். அவகிட்டயும் சொல்லு. உன் அண்ணியைக் கேலி பண்ணினதுக்கு நீ ஒரு வரி எழுதினா நல்லது. அதை நான் எழுதச் சொல்லக்கூடாது, ஆனாலும் சொல்றேன்.

சாமி முன்னாடி நின்னேன் நேத்து. நிஜமாவே நின்னேன். கொஞ்ச நேரத்துக்கெல்லாம் கால் கடுத்துப் போச்சு.

உன் பெரியம்மா

கடிதத்தை ஒட்டப் போனவ திரும்பப் பிரிச்சேன். ரெண்டாவது பெட்டி வரலைன்னு கேட்டிருந்தியே, இப்பதான் ஞாபகம் வருது. நான் சொல்ற வரைக்கும் எடுக்காதேன்னு அவகிட்ட சொல்லியிருந்தேன். நான் இன்னும் சொல்லவே இல்லை.