எழுத்துமாற்றியை எடுத்துவிட்டேன்

2008 மார்ச் 11, செவ்வாய்

பழைய எழுத்துருவில் அடித்ததை யுனிகோடுக்கு மாற்ற நான் எழுதிய நிரல் நாலு வருடமாக இணையத்தில் இலவசமாகக் கிடந்தது. யாரும் எடுத்துத் திருத்தலாம். நான் உட்பட யாரும் திருத்தவில்லை.

இன்று இரத்தோட்டையில் தட்டச்சுக் கடை வைத்திருக்கும் ரிஸ்வான் நானா வந்தார். அதில் மாற்றிய கடிதத்தில் 'ஸ்ரீதேவி' வெறும் 'தேவி' ஆகி அடையாள அட்டையோடு ஒத்துப்போகாததால், சோதனைச் சாவடியில் ஒரு பெண்ணை மூன்று மணி நேரம் நிறுத்திவைத்தார்களாம்.

அவர் பக்கத்திலிருக்கத் திருத்திப் பார்த்தேன். ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கெட்டது.

"இணையத்துல இருந்து எடுத்துடுறேன் நானா."

"எடுத்தா நாங்க என்னத்துல மாத்துறது, தங்கச்சி?"

"கையால அடிங்க. பிழை கண்ணுல படும்."

எடுத்துவிட்டேன். காரணத்தையும் அந்தப் பக்கத்திலேயே எழுதினேன்.

அந்தப் பெண்ணுக்கு என்மேல் கோபமா என்று கேட்டேன்.

"உங்கள அவங்களுக்குத் தெரியாதே" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி அந்தப் பெண்ணிடம் போய், அந்த நிரலை எழுதியது நான்தான் என்று சொல்லிவிட்டு வர வேண்டும்.